பழைய கணினிக்கு ஏற்ற கேசட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

1970-களின் இறுதியிலும் 1980-களிலும் வீடுகளுக்குள் நுழைந்த சிறு கணினிகளில் பெரும்பாலானவை, நிரல்களைச் சேமித்துவைக்கப் பாட்டுக் கேட்பதற்கென்று பிறந்த கேசட்டையே நம்பியிருந்தன. ஃப்ளாப்பி டிரைவ் ஒன்றின் விலை சில வேளைகளில் கணினியின் விலையையே எட்டிப்பிடித்த காலம் அது. அந்தக் கணினிகளை இன்று தேடிப்பிடித்து, பழுதான உதிரிகளை மாற்றி, மீண்டும் இயங்கவைப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். திரையில் எழுத்து தோன்றிய பிறகுதான், தாங்கள் எழுதிய நிரலைச் சேமிக்க ஒரு நல்ல கேசட் வேண்டும் என்பது அவர்களுக்கு நினைவுக்கு வருகிறது. எதை வாங்குவது, எங்கே தேடுவது, கைக்கு வந்ததை எப்படிச் சோதிப்பது என்று தெரியாத புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கிடைப்பவற்றுள் விலை மிகுந்த கேசட்டே கணினிக்கும் சிறந்தது என்ற எண்ணத்தோடுதான் பலர் தேடத் தொடங்குகிறார்கள். அந்த எண்ணத்தை முதலிலேயே கைவிட்டுவிடுவது நல்லது. உங்கள் இயந்திரம் எந்த நாடாவை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டதோ அந்த நாடாதான் அதற்குச் சிறந்தது. பெரும்பாலான வீட்டுக் கணினிகளைப் பொறுத்தவரை, அது தடிமன் குறையாத, நீளம் குறைந்த, இரும்பு ஆக்சைடு பூசிய சாதாரண ஃபெர்ரிக் நாடாவே.

முதல் படி: உங்கள் டிரைவ் எந்த இனம் என்று உறுதிசெய்யுங்கள்

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய, நாம் எல்லோரும் அறிந்த காம்பாக்ட் கேசட்டைப் பயன்படுத்தும் கணினிகளே எண்ணிக்கையில் அதிகம். சாதாரண டேப் ரெக்கார்டரோடு இணைக்கப்படும் ZX ஸ்பெக்ட்ரம், பிபிசி மைக்ரோ, டிஆர்எஸ்-80, எம்எஸ்எக்ஸ் வகைக் கணினிகள், ஆப்பிள் II ஆகியவை இந்த இனம். கொமடோர் நிறுவனத்தின் பெட், விக்-20, கொமடோர் 64 ஆகியவற்றுக்கு டேட்டாசெட் என்னும் தனிக் கருவி உண்டு; அடாரி 8-பிட் கணினிகளுக்கு 410, 1010 போன்ற கருவிகள் உண்டு. இந்தக் கருவிகள் தனித்தன்மை கொண்டவையாக இருந்தாலும் அவற்றினுள் செல்வது அதே பொதுவான கேசட்தான். இந்தியாவில் 1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' எனப்படும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் வழியாகப் பள்ளிகளுக்கு வந்துசேர்ந்தவை பிபிசி மைக்ரோ கணினிகள் என்பதால், நம் பக்கத்தில் பழைய கணினி ஒன்று கண்ணில் படுமானால் அது இந்த இனத்தைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்புண்டு.

இரண்டாவது இனம்தான் புதியவர்களை ஏமாற்றக்கூடியது. பார்ப்பதற்குக் காம்பாக்ட் கேசட் போலவே இருக்கும். ஆனால் அது வேறு பொருள். 1970-களில் அலுவலக முனையங்களிலும் சிறு கணினிகளிலும் டிஜிட்டல் கேசட் என்ற ஒன்று பயன்பட்டது. எக்மா-34 என்ற தர வரையறை அதற்கென்றே எழுதப்பட்டது. ஒரு மில்லிமீட்டருக்கு 32 பிட் என்ற அடர்த்தியில் அதில் தகவல் பதியும். கேசட்டின் முதுகுப்பக்கத்தில் (நாடா வெளியே தெரியும் வாய்க்கு எதிர்ப்பக்கத்தில்) நடுவிலிருந்து விலகி ஒரு வெட்டு இருப்பது அதன் வெளி அடையாளம். நாடாவின் தொடக்கத்தையும் முடிவையும் டிரைவ் ஒளியைக் கொண்டு கண்டறிய வேண்டியிருப்பதால், அதற்கான சிறு துளைகள் நாடாவிலேயே இடப்பட்டிருக்கும். சாதாரணப் பாட்டுக் கேசட்டில் அந்த வெட்டும் இல்லை, துளையும் இல்லை. ஆகவே டிரைவ் அதை ஏற்காது, அல்லது ஏற்றுக்கொண்டு முடிவு தெரியாமல் நாடாவை இழுத்துக்கொண்டே போகும். பின்னாளில் டியாக் நிறுவனம் கொண்டுவந்த டி-காஸ் எனப்படும் காப்புநகல் கேசட்டுகளும் இதே உருவத்தில், முதுகில் ஒரு வெட்டோடு இருக்கும். ஆனால் அவை மிக அதிகக் கொள்ளளவுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் நாடா வேறு காந்தத் தன்மை கொண்டது. விற்பவர்கள் இரண்டையும் 'டேட்டா கேசட்' என்ற ஒரே பெயரில் பட்டியலிடுவதால், எந்த டிரைவுக்கு உரியது என்று அட்டையில் அச்சாகியிருப்பதைப் படித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

கொலெகோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஆடம் கணினியும் இந்த இனத்தில் அடங்கும். அதன் டிஜிட்டல் டேட்டா பேக் என்பது உருவத்தில் கேசட்டேதான். ஆனால் கூட்டின் துளைகள் இடம் மாறியிருக்கும், நாடாவும் முன்கூட்டியே வடிவமைக்கப்பட்டுத்தான் விற்கப்பட்டது. கடையில் வாங்கிய வெற்றுக் கேசட்டை அதில் செருகிப் பயன்படுத்த இயலாது. இன்னொன்றையும் ஆடம் வைத்திருப்பவர்கள் மறக்கக் கூடாது: கணினியை இயக்கும் கணத்திலும் அணைக்கும் கணத்திலும் எழும் காந்த அதிர்வு, டிரைவினுள் இருக்கும் நாடாவின் பதிவை அழித்துவிடக்கூடும். நாடாவை வெளியே எடுத்த பிறகே சுவிட்சைத் தொடுங்கள்.

மூன்றாவது இனம் உருவத்திலேயே சிறியது. எப்சன் ஹெச்எக்ஸ்-20 கணினி மைக்ரோகேசட்டைப் பயன்படுத்துகிறது. இது ஒலிம்பஸ் நிறுவனம் 1969-இல் கொண்டுவந்த வடிவம். பிலிப்ஸ் பி2000 கணினியும், ஹெச்பி-41 கணிப்பானோடு இணையும் ஹெச்பி 82161ஏ டிரைவும் பயன்படுத்துவது மினிகேசட் வடிவத்தை. மைக்ரோ, மினி ஆகிய இரண்டும் அளவில் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. கடிதங்களைச் சொல்லிப் பதிவுசெய்யும் அலுவலகக் கருவிகளில் இரண்டுமே பயன்பட்டவை என்பதால், பழைய அலுவலகப் பொருள்களை விற்கும் இடங்களில் அவை சேர்ந்தே கிடக்கும். பெயரைப் படித்து எடுக்க வேண்டும். ஹெச்பி-85 கணினி பயன்படுத்தும் டிசி100 கார்ட்ரிட்ஜும், ஸ்பெக்ட்ரமைத் தயாரித்த சின்க்ளேரின் மைக்ரோடிரைவ் கார்ட்ரிட்ஜும் கேசட்டே அல்ல. மைக்ரோடிரைவினுள் இருப்பது 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில், முடிவில்லாத வளையமாகச் சுற்றப்பட்ட ஏறத்தாழ 5 மீட்டர் நாடா. டிசி100 வகையில் உள்ளிருக்கும் இழுவைப் பட்டை தளர்ந்துபோவதும், ஹெச்பி-85-இன் டிரைவில் உள்ள ரப்பர் உருளை காலப்போக்கில் தார்போல உருகிப்போவதும் எல்லோரும் சந்திக்கும் சிக்கல்கள். அந்த உருளையை மாற்றாமல் கார்ட்ரிட்ஜைச் செருகினால், அரிதாகக் கிடைத்த அந்த ஒன்றும் பாழாகும்.

இனிச் சொல்லப்போவது பெரும்பாலும் முதல் இனத்துக்கு, அதாவது சாதாரண காம்பாக்ட் கேசட்டுக்கு உரியது.

இரண்டாம் படி: என்ன நாடா, எவ்வளவு நீளம்

கணினி நாடாவில் எழுதுவது வேறு எதையும் அல்ல, ஒலியைத்தான். 1975 நவம்பரில் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் கூடிய பொறியாளர்கள் உருவாக்கிய கன்சாஸ் நகர் தரத்தில், 0 என்பது 1200 ஹெர்ட்ஸில் 4 அலைகள், 1 என்பது 2400 ஹெர்ட்ஸில் 8 அலைகள். வேகம் நொடிக்கு 300 பிட். பிற்காலக் கணினிகள் இதையே வேகப்படுத்தின. எம்எஸ்எக்ஸ் நொடிக்கு 1200 பிட் வேகத்தில் எழுதும்போது, 0 என்பது 1200 ஹெர்ட்ஸின் ஒரே அலை. ஸ்பெக்ட்ரம் சராசரியாக நொடிக்கு 1500 பிட் அளவில் எழுதுகிறது. பயன்படும் அதிர்வெண்கள் பெரும்பாலும் 3000 ஹெர்ட்ஸைச் சுற்றியோ அதற்குக் கீழேயோ அடங்கிவிடுகின்றன. வயலினின் மேல் சுரங்களைத் துல்லியமாகப் பிடிப்பதற்கென்று செய்யப்பட்ட குரோம், மெட்டல் நாடாக்களின் சிறப்பு இங்கே எந்தப் பயனையும் தராது.

பயன் தராதது மட்டுமன்று, தொல்லையும் தரும். நாடாவில் எழுதும்போது ரெக்கார்டர் பொதுவாகத் தன் ஹெட்டின் (நாடாவைத் தொட்டு எழுதும், படிக்கும் உறுப்பின்) வழியாக பயஸ் எனப்படும் உயர் அதிர்வெண் மின்னோட்டம் ஒன்றையும் செலுத்துகிறது. மெட்டல் நாடாவுக்கு அது மிக அதிகமாகவும், குரோம் நாடாவுக்குச் சற்று அதிகமாகவும் தேவைப்படும். கணினிகளோடு பயன்பட்ட எளிய மோனோ ரெக்கார்டர்களும் டேட்டாசெட்டும் ஃபெர்ரிக் நாடாவுக்கென்று அமைக்கப்பட்டவை. அவற்றில் குரோம் நாடாவைப் போட்டால் பதிவு சரியாக அமையாது. அதைவிட முக்கியமாக, முன்பு இருந்த பதிவு முழுமையாக அழியாமல் அடியில் தங்கிவிடும். ஆகவே ஃபெர்ரிக் நாடாவைக் குறிக்கும் டைப் I அல்லது நார்மல் என்று அட்டையில் குறிப்பிட்டிருப்பதையே வாங்குங்கள். அட்டை தொலைந்த கேசட்டாக இருந்தால் முதுகைப் பாருங்கள்: அழிப்புத் தடுப்புத் துளைகளை ஒட்டி, உள்பக்கமாகக் கூடுதலாக ஒரு பள்ளம் இருந்தால் அது குரோம், முதுகின் நடுவிலும் பள்ளங்கள் இருந்தால் மெட்டல்.

நாடாவின் நுண்ணிய குறைகளே கணினிக்கு உண்மையான எதிரி. கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. கன்சாஸ் நகர் தரத்தில் ஒரு பிட், நாடாவில் ஏறத்தாழ 0.16 மி.மீ. நீளத்தைப் பிடிக்கும்; 1200 பிட் வேகத்தில் அதே ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 0.04 மி.மீ. மட்டுமே. பாட்டில் காதுக்கே எட்டாத ஒரு சிறு தூசு, இங்கே இரண்டு மூன்று பிட்டுகளை முழுவதுமாக விழுங்கிவிடும். அந்த இழப்பை எப்படிச் சமாளிப்பது என்பது கணினிக்குக் கணினி மாறுபடுகிறது. கொமடோர் தன் இயல்பான முறையில் ஒவ்வொன்றையும் இரண்டு முறை எழுதிவைத்து, முதல் நகலில் கெட்டதை இரண்டாவதைக் கொண்டு சரிசெய்கிறது. அதற்கு விலையாக, நொடிக்கு ஏறத்தாழ 50 பைட் என்ற நத்தை வேகத்தை ஏற்கிறது. பிபிசி மைக்ரோ 256 பைட் கொண்ட துண்டுகளாக எழுதுகிறது. ஒரு துண்டு கெட்டால் நாடாவைச் சற்றுப் பின்னால் சுற்றி அதை மட்டும் மீண்டும் படிக்கவைக்கலாம். ஸ்பெக்ட்ரமில் அந்த வசதி இல்லை. 40 கிலோபைட் நிரலில் ஒரே ஒரு பிட் தவறினாலும், முழுவதையும் படித்து முடித்த பிறகு பிழைச் செய்தி வரும். மறுபடி தொடக்கத்திலிருந்தே ஏற்ற வேண்டும். எனவே ஸ்பெக்ட்ரம் வைத்திருப்பவர்கள் நாடாத் தேர்வில் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும் என்பது என் கருத்து. கொமடோரில் டர்போ வகை வேக நிரல்களைப் பயன்படுத்துகிறவர்களும் அந்த இரட்டைப் பாதுகாப்பை இழந்துவிடுவதால் இதே நிலைக்கு வருகிறார்கள்.

நீளத்துக்கு வருவோம். கேசட்டின் பெயரில் 'சி'-யை அடுத்து வரும் எண், இரு பக்கமும் சேர்ந்து ஓடும் நிமிடங்களைக் குறிக்கும். சி-60 நாடாவின் தடிமன் ஏறத்தாழ 16 முதல் 18 மைக்ரோமீட்டர். சி-90 சுமார் 12. சி-120 சுமார் 9. அதே சிறு கூட்டுக்குள் நீளத்தை அடக்க வேண்டியிருப்பதால் தடிமனைக் குறைக்கிறார்கள். மெல்லிய நாடா எளிதில் நீளும், மடங்கும், உருளையில் சுற்றிக்கொள்ளும். பாட்டைப் போலத் தொடர்ந்து ஓடாமல், நின்று நின்று ஓடுவதும் அடிக்கடி முன்னும் பின்னும் சுற்றப்படுவதும் கணினி நாடாவின் இயல்பு. ஆகவே சி-120 வேண்டவே வேண்டாம். சி-90-ஐ வேறு வழி இல்லாதபோது மட்டும் எடுங்கள். சி-60-க்கு உட்பட்டவையே உகந்தவை. உண்மையில் தேவைப்படும் நீளம் மிகக் குறைவு. ஸ்பெக்ட்ரமின் நினைவகம் முழுவதும் நிறைந்த ஒரு நிரல் சுமார் 5 நிமிடத்தில் பதிந்துவிடும். கன்சாஸ் நகர் தரத்தில் 8 கிலோபைட்டுக்கும் அதே 5 நிமிடம் போதும். கொமடோரின் இயல்பான முறையில் 30 கிலோபைட் எழுத 10 நிமிடத்துக்குச் சற்று மேலாகும். பக்கத்துக்கு ஒரு நிரல் என்ற ஒழுங்கில் வைத்துக்கொண்டால், 10, 15, 20 நிமிடக் கேசட்டுகளே எல்லாவற்றுக்கும் போதும். தேடி எடுப்பதும் எளிது. அந்தக் காலத்தில் கணினிக்கென்று தனியாக விற்கப்பட்டவை சி-12, சி-15 போன்ற குறுநீளக் கேசட்டுகளாக இருந்ததன் காரணமும் இதுவே.

மூன்றாம் படி: எங்கே தேடுவது

கேசட் தயாரிப்பு நின்றுபோய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள், அது உண்மையன்று. ஜப்பானின் மேக்செல் நிறுவனத்தின் யுஆர் வரிசை ஃபெர்ரிக் கேசட்டுகள் 10, 20, 60, 90 நிமிட நீளங்களில் வெளிவந்திருக்கின்றன. இவற்றில் 10, 20 நிமிடக் கேசட்டுகள் கணினிக்கென்றே அளந்து செய்தவைபோல் அமைந்திருக்கின்றன. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இயங்கும் நேஷனல் ஆடியோ கம்பெனி, கேசட்டுகளோடு 2018 முதல் நாடாவையும் தானே தயாரிக்கிறது. வாடிக்கையாளர் கேட்கும் நீளத்தில் நாடாவைச் சுற்றித் தரும் நிறுவனங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கின்றன. இசைக் குழுக்களுக்காக இயங்கும் அந்த வணிகத்தை நாமும் பயன்படுத்திக்கொள்ளலாம். பிரான்ஸில் ரெக்கார்டிங் த மாஸ்டர்ஸ் என்ற பெயரில் 2018-இல் ஒரு சி-60 ஃபெர்ரிக் கேசட் வெளிவந்தது. புதிய நாடாவில் பழைய பதிவின் மிச்சம் இருக்காது, பூஞ்சை இருக்காது, அழுத்தப் பஞ்சு புதிதாக இருக்கும். தேடுவதில் காலம் செலவிட விரும்பாதவர்கள் இவற்றில் ஒன்றை வாங்குவதே நல்லது.

அடுத்த வழி, பிரிக்கப்படாத பழைய சரக்கு. டிடிகே டி, சோனி ஹெச்எஃப், மேக்செல் யுஆர், பிஏஎஸ்எஃப் ஃபெர்ரோ போன்ற எளிய வரிசைகளைத் தேடுங்கள். சேகரிப்பாளர்கள் குரோமையும் மெட்டலையும் துரத்திக்கொண்டிருப்பதால், நமக்கு வேண்டிய எளிய ஃபெர்ரிக் கேசட்டுகள் பொதுவாக அவற்றைவிட மலிவாகவே கிடைக்கின்றன. மூடிய உறை என்பது நல்ல நிலைக்கு உறுதி ஆகாது. உள்ளே பசை காய்ந்து பஞ்சு உதிர்ந்திருக்கலாம். புகழ்பெற்ற பெயர்களில் போலிக் கேசட்டுகள் அந்நாளிலேயே ஏராளமாக விற்கப்பட்டன என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். எழுத்து மங்கலாக அச்சாகியிருப்பது, திருகுகள் இல்லாத மெல்லிய கூடு, உறையில் உற்பத்தி விவரம் இல்லாதது ஆகியவை அதற்கான அறிகுறிகள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விமான நிலைய எக்ஸ்-கதிர்ச் சோதனை நாடாவைக் கெடுத்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. எக்ஸ்-கதிர் காந்தப் பதிவைப் பாதிப்பதில்லை.

மூன்றாவது வழி, ஏற்கெனவே பாட்டோ பேச்சோ பதிந்த கேசட்டை அழித்துப் பயன்படுத்துவது. இதுவே மலிவானது. ஆனால் வீட்டில் யாரோ தங்கள் குரலைப் பதிந்துவைத்த கேசட்டை இதற்கு எடுக்காதீர்கள். மறைந்த ஒருவரின் பேச்சு அதில் இருக்கலாம். அதை மீட்க வேறு வழியே இல்லை. கடையில் அச்சிட்டு விற்கப்பட்ட திரைப்பாடல் கேசட்டுகளில் பெரும்பாலானவை ஃபெர்ரிக் நாடாவே. முதுகில் உள்ள துளையை ஒட்டும் நாடாவால் மூடினால் அவற்றில் எழுதலாம். தரம் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடும் என்பதால், சோதிக்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

நான்காம் படி: கேசட்டைக் கண்ணால் ஆராயுங்கள்

வெளிச்சத்தில் பிடித்து, சன்னல் வழியாக நாடாச் சுற்றின் மேற்பரப்பைப் பாருங்கள். சீராக, வழவழப்பாக இருந்தால் நல்லது. வெண்ணிறப் பொடியோ இழைகளோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை டிரைவில் போட்டால் ஹெட்டுக்கும் அடுத்த கேசட்டுகளுக்கும் பரவும். சுற்றில் சில அடுக்குகள் மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தால், முழுவதும் ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றிய பிறகு மீண்டும் பாருங்கள்; சீராகிவிட்டால் பயன்படுத்தலாம், விளிம்பு மடங்கியிருந்தால் கூடாது. அடுத்து, கேசட்டின் வாய்ப்பக்கத்தில் நடுவில் செப்பு நிறத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் சிறு பஞ்சைப் பாருங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். அது விழுந்திருந்தால் ஒலி வலுவிழந்து தள்ளாடும், கணினியால் எதையும் படிக்க முடியாது. 5 திருகுகளால் மூடப்பட்ட கூடாக இருந்தால், வேறொரு உதவாத கேசட்டிலிருந்து தகட்டோடு சேர்த்து எடுத்து மாற்றிவிடலாம். ஒட்டி மூடப்பட்ட கூடுகளைப் பிளந்து, உள்ளிருக்கும் இரு சுருள்களையும் திருகு போட்ட புதிய கூட்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும். பொறுமையோடு செய்தால் இது கடினமான வேலை இல்லை.

ஐந்தாம் படி: எழுதுவதற்கு முன் ஏற்கெனவே உள்ளதைப் படித்துவையுங்கள்

இந்தப் படியை யாரும் தவறவிடக் கூடாது என்று விரும்புகிறேன். பழைய கணினியோடு சேர்ந்து ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகள் வந்தால், அவற்றின் மேல் கையால் எழுதிய பெயர் புரியவில்லை என்பதற்காக வெற்று நாடாவாக எண்ணி அழித்துவிடாதீர்கள். ஒரு மாணவர் எழுதிய நிரலாக இருக்கலாம். எங்கும் வெளியாகாத விளையாட்டாக இருக்கலாம். அந்தக் கணினியில் நம் மொழி எழுத்தைத் திரையில் வரவைக்க யாரோ செய்த முயற்சியாகக்கூட இருக்கலாம். அச்சிட்டு வெளியான விளையாட்டுகளுக்கு ஆயிரக்கணக்கான நகல்கள் உண்டு. கையெழுத்திட்ட கேசட்டுக்கு அந்த ஒன்றே ஒன்றுதான். ஒரு நல்ல டேப் டெக்கை இன்றைய கணினியின் ஒலி உள்ளீட்டில் இணைத்து, 44.1 கிலோஹெர்ட்ஸில், சுருக்கப்படாத வேவ் கோப்பாக இரு பக்கங்களையும் முழுமையாகப் பதிந்துகொள்ளுங்கள். ஒலியை மெருகூட்டும் எந்த வடிகட்டியையும் அப்போது பயன்படுத்த வேண்டாம். எம்பி3 போன்ற சுருக்க முறைகள் காதை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. அலையின் வடிவத்தை நம்பியிருக்கும் கணினிக்கு அவை ஏற்றவை அல்ல. பதிந்த பிறகு அந்தக் கேசட்டை அழிக்காமல், எழுதுவதற்கு வேறொன்றை எடுப்பதே முறை.

ஆறாம் படி: டிரைவைத் தயார்செய்து, நாடாவைச் சோதியுங்கள்

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஹெட்டையும், நாடாவை இழுக்கும் உலோகத் தண்டையும் துடையுங்கள். ரப்பர் உருளையையும் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். ஹெட்டின் பக்கத்தில் உள்ள கோணத் திருகை, அச்சிட்டு வெளியான ஒரு நல்ல நிரல் கேசட்டை ஓடவிட்டு, ஒலி மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதன் பிறகு காரணமின்றித் தொடாதீர்கள்; கோணம் மாறிய பின் எழுதியதைக் கோணம் மாறாத இன்னொரு கருவி படிக்காது.

இப்போது நாடாவின் சோதனை. டேட்டாசெட் ஒலி உள்ளீட்டை ஏற்காது என்பதால், சாதாரண ரெக்கார்டர் ஒன்றை இதற்குப் பயன்படுத்துங்கள். கணினியிலோ கைப்பேசியிலோ 3000 ஹெர்ட்ஸில் ஒரே சீரான ஒலி ஒன்றை உருவாக்கி, கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் பதியுங்கள். பின்னால் சுற்றி அதை ஓடவிட்டு, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திரும்பப் பதிந்து அலை வடிவத்தைப் பாருங்கள். குறையற்ற நாடாவில் அது ஒரே உயரமுள்ள பட்டைபோலத் தெரியும். உயரம் திடீரென்று பாதிக்கும் கீழே இறங்கும் இடங்கள்தான் கணினியைத் தடுமாறவைக்கும் இடங்கள். முனையில் உள்ள, பதிவு ஏறாத லீடர் என்னும் துண்டு முடிந்து காந்த நாடா தொடங்கும் முதல் சில நொடிகளில் இவை மிகுதியாக இருப்பது வழக்கம். அந்தப் பகுதியே அதிகம் மடங்கியிருக்கும். அங்கு மட்டும் குறை இருந்தால் முதல் 10 நொடிகளை வெறுமையாக விட்டுவிட்டு அதன் பிறகு எழுதத் தொடங்கலாம். பக்கம் முழுவதும் ஆங்காங்கே சிதறியிருந்தால் அந்தக் கேசட்டைத் தள்ளிவையுங்கள். பட்டை ஒழுங்கான இடைவெளியில் ஏறி இறங்கினால் பெரும்பாலும் நாடாவின் மேல் குற்றம் இல்லை. ரப்பர் உருளையிலோ கேசட்டின் சுருள் உராய்விலோ தேடுங்கள். ஒரே கேசட்டை இரு முறை சோதித்து, சரிவுகள் அதே இடத்தில் வருகின்றனவா என்றும் பாருங்கள். இடம் மாறினால் அது ஒட்டியிருந்த தூசு. மாறாவிட்டால் நாடாவின் பூச்சே கெட்டுவிட்டது.

பாட்டுப் பதிந்திருந்த கேசட்டாக இருந்தால், ஒலி எதையும் கொடுக்காமல் முழுவதும் ஒருமுறை பதிந்து அழித்த பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். மலிவான ரெக்கார்டர்கள் சிலவற்றில் அழிப்பதற்கு நிலைக்காந்தம் ஒன்றே பொருத்தப்பட்டிருக்கும். அது இரைச்சலைக் கூட்டிவிடும். நல்ல டெக் ஒன்றில் அழிப்பது நலம்.

ஏழாம் படி: நீள நாடாவிலிருந்து குறுங்கேசட் செய்தல்

குறுநீளக் கேசட் கிடைக்காவிட்டால் நாமே செய்துகொள்ளலாம். சி-60-இல் ஏறத்தாழ 86 மீட்டர் நாடா இருக்கும்; ஒரு சி-15-க்குத் தேவை சுமார் 21.5 மீட்டர். சோதனையில் தேறிய ஒரு சி-60-இன் நடுப்பகுதியிலிருந்து தாராளமாக மூன்று கேசட்டுகள் செய்யலாம், குறையுள்ள முனைகளை வெட்டி எறியவும் இடம் இருக்கும். நீளத்தை அளக்க அளவுகோல் வேண்டியதில்லை. கடிகாரத்தைப் பார்த்து ஏழரை நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் போதும். திருகு போட்ட வெற்றுக் கூடு, லீடர் துண்டுகள், கேசட்டின் அகலத்துக்கென்று விற்கும் ஒட்டுநாடா ஆகியவை தேவை. முனைகளைச் சாய்வாக வெட்டி, இடைவெளியின்றி நேராகச் சேர்த்து, பளபளப்பான பின்புறத்தில் மட்டும் ஒட்டுங்கள். எழுதுபொருள் கடையில் வாங்கும் செல்லோடேப்பை இதற்குப் பயன்படுத்தக் கூடாது; அதன் பசை வெயில் நாளில் கசிந்து அடுத்தடுத்த சுற்றுகளை ஒட்டவைத்துவிடும். வெறும் கையால் நாடாவின் மங்கலான முன்புறத்தைத் தொடாதீர்கள். விரல் எண்ணெய் படிந்த இடத்தில் தூசு சேரும்.

எட்டாம் படி: எழுதிச் சரிபார்த்தல்

முக்கியமான எதையும் எழுதும்போது, ஒரே பக்கத்தில் சிறு இடைவெளி விட்டு இரண்டு முறை எழுதுங்கள். எழுதியவுடன் சரிபார்க்கும் வழி ஏறத்தாழ எல்லாக் கணினியிலும் உண்டு. ஸ்பெக்ட்ரமிலும் கொமடோரிலும் வெரிஃபை என்ற கட்டளை நாடாவில் உள்ளதையும் நினைவகத்தில் உள்ளதையும் ஒப்பிடும். டிஆர்எஸ்-80-இலும் எம்எஸ்எக்ஸிலும் சிலோட் (CLOAD) கட்டளையின் பின்னால் கேள்விக்குறி சேர்த்தால் அதே வேலை நடக்கும். பிபிசி மைக்ரோவில் நட்சத்திரக் குறியோடு கேட் (*CAT) என்ற கட்டளையைக் கொடுத்து நாடாவை ஓடவிட்டால், ஒவ்வொரு துண்டையும் படித்துப் பிழை இருந்தால் சொல்லிவிடும். இந்தச் சரிபார்ப்பு முடியும்வரை கணினியை அணைக்காதீர்கள்.

சரியென்று உறுதியானதும், தவறுதலாக மேலெழுதாமல் இருக்க, முதுகில் உள்ள தடுப்புத் துண்டை உடைத்துவிடுங்கள். கணினியின் பெயர், நிரலின் பெயர், பதிவு வேகம், எழுதப் பயன்படுத்திய கருவி, தேதி ஆகியவற்றை அட்டையில் குறியுங்கள். வேறொருவர் படிக்க நேரும்போது இவை அனைத்தும் தேவைப்படும். நாடாவை ஒரு முனைவரை முழுவதும் சுற்றி, பெட்டியில் இட்டு, செங்குத்தாக நிறுத்திவையுங்கள். ஒலிபெருக்கி, மின்மாற்றி, பழைய குழாய்த் திரை ஆகியவற்றின் அருகே வைக்க வேண்டாம். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து முழுவதும் ஓடவிட்டுத் திரும்பச் சுற்றிவைக்க வேண்டும். டிரைவை நீண்ட நேரம் பயன்படுத்தாதபோது பிளே விசையை அழுத்திய நிலையில் விடாதீர்கள். ரப்பர் உருளையில் பள்ளம் விழுந்துவிட்டால் அதன் பிறகு எந்த நல்ல நாடாவும் அதில் சீராக ஓடாது.